டிபென்ட்ஸ் வரியில ஜேக்யூ இருக்கு, ஆனா ப்ரீஇன்ஸ்ட் "ஜேக்யூ இல்லை"ங்குது. 14 பொட்டியில 5 மட்டும்!

ரிச்சி_பொட்டி:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க. சுருக்கமா கேட்டா "முழு விவரம் போடு"ன்னு நாலு பேர் வருவீங்க, அதான்.

ரிச்சி தெருவுக்குப் பக்கத்துல, ஒரு மாடிப்படிக்குக் கீழ நாலு பேர் முழங்கை இடிச்சுக்கிட்டு வேலை பார்க்கிற கடை எங்களோடது. கிளினிக், ஸ்கேன் சென்டர் மாதிரி இடங்களுக்கு டோக்கன் மெஷின் செஞ்சு குடுக்கறோம். செய்யறதுன்னா பெரிசா ஒண்ணுமில்ல. ஒரு மினி பிசி, மூணு இன்ச் தெர்மல் பிரின்டர், ஒரு பச்சை பட்டன். அழுத்தினா "டோக்கன் 47, அறை 3"ன்னு சீட்டு வரும். உள்ள ஓடறது டெபியன் 12 லினக்ஸ்.

இதுவரைக்கும் சாஃப்ட்வேரை டார் ஃபைலா எடுத்துட்டுப் போய், யூஎஸ்ஆர்-லோக்கல்ல விரிச்சு, சர்வீஸ் ஃபைலை அங்கேயே உட்கார்ந்து கையால எழுதி வெச்சுட்டு வருவோம். எந்தப் பொட்டியில எந்த வெர்ஷன் இருக்குன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. அடம்பிடிச்சு எல்லாத்தையும் டெப் பேக்கேஜா (டெபியனோட இன்ஸ்டால் ஃபைல்) மாத்தறேன்னு முதலாளியை ஒத்துக்க வெச்சேன். பேக்கேஜ் பேரு கவுன்டர்-டோக்கன். அதுல, ஏத்தும்போதும் எடுக்கும்போதும் தானா ஓடற மூணு ஸ்கிரிப்ட் எழுதினேன்.

ப்ரீஇன்ஸ்ட்: பழைய டார் இன்ஸ்டால் இருக்கான்னு பார்க்கும். இருந்தா அதோட ஜேசன் ஃபைல்ல இருந்து அறை எண், பிரின்டர் போர்ட், கடைசியா குடுத்த டோக்கன் எண் மூணையும் ஜேக்யூ (ஜேசன் படிக்கிற ஒரு சின்ன கமாண்ட்) வெச்சு உருவி தனியா எழுதி வைக்கும். அப்புறம் பழைய சர்வீஸை நிறுத்தும்.

போஸ்ட்இன்ஸ்ட்: ஆட்யூசர் வெச்சு "டோக்கன்"னு ஒரு சிஸ்டம் யூசரை உண்டாக்கி, எல்பி குரூப்ல சேர்க்கும். அந்தக் குரூப்ல இல்லன்னா யூஎஸ்பி பிரின்டருக்கு எழுத முடியாது. உருவி வெச்ச மூணையும் ஈடிசி-க்குள்ள இருக்கிற கான்ஃபிக் ஃபைல்ல எழுதும். சிஸ்டம்சிடிஎல் போட்டு சர்வீஸைக் கிளப்பும்.

போஸ்ட்ஆர்எம்: ஒரே வரி. டெல்யூசர் டோக்கன்.

மூணுக்கும் மேல "செட் மைனஸ் ஈ" இருக்கு, அதாவது ஒரு கமாண்ட் தப்பினா ஸ்கிரிப்ட் அங்கேயே நின்னுடும். கன்ட்ரோல் ஃபைல்ல, வேற எந்தெந்தப் பேக்கேஜ் வேணும்னு சொல்ற டிபென்ட்ஸ் வரியில ஜேக்யூ தெளிவா எழுதியிருக்கேன். என் லேப்டாப்ல இருபது தடவை ஏத்தி இறக்கிப் பார்த்தாச்சு, ஒரு குறையும் இல்லை.

போன ஞாயித்துக்கிழமை பெரம்பூர்ல ஒரு கிளினிக், மூணு மாடி, 14 பொட்டி. அந்தப் பொட்டிகளுக்கு நெட் கிடையாது. அதனால தேவையான டெப் எல்லாத்தையும் ஒரே பென்டிரைவ்ல போட்டு, அந்த ஃபோல்டருக்குள்ள நின்னு, டெப் ஏத்தற டிபிகேஜி கமாண்டைப் போட்டேன்: டிபிகேஜி மைனஸ் ஐ, நட்சத்திரம் டாட் டெப். 9 பொட்டியில வெண்ணெய் மாதிரி ஏறிச்சு. 5 பொட்டியில "ஜேக்யூ: நாட் ஃபவுண்ட்"னு ப்ரீஇன்ஸ்ட் செத்துப் போச்சு. அதோட போனாலும் பரவாயில்ல. பேக்கேஜ் "ஆஃப்-இன்ஸ்டால்ட்"னு (பாதி ஏறின நிலை) தொங்குது. ரிமூவ் பண்ணப் போனா, நிலைமை ரொம்ப மோசமா இருக்கு, முதல்ல மறுபடி நிறுவு, அப்புறம் எடுங்குது.

நல்லவேளை, சர்வீஸை நிறுத்தற வரிக்கு முன்னாடியே ஸ்கிரிப்ட் செத்ததால அந்த அஞ்சுலயும் பழைய சாஃப்ட்வேர் இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு. இல்லன்னா திங்கக்கிழமை காலையில ஏழரை மணி நோயாளிங்க என்னை வரிசையில நிக்க வெச்சிருப்பாங்க.

என் கேள்வி: டிபென்ட்ஸ்ல எழுதியும் ஏன் இப்படி? ஸ்கிரிப்டுக்குள்ள கூப்பிடற ஒவ்வொரு கமாண்டுக்கும் தனியா ஏதாவது சொல்லணுமா? செட் (எஸ்-ஈ-டி), கிரெப் மாதிரி சாதாரண கமாண்டுக்குக் கூடவா?

---

மாம்பலம்_டெர்மினல்:

அந்த 9 பொட்டியில ஜேக்யூ முன்னாடியே இருந்திருக்கும் பாஸ். வார்-லாக்ல டிபிகேஜி லாக் பாருங்க. ஜேக்யூவை ப்ரீ-டிபென்ட்ஸ்க்கு மாத்துங்க, ஜோலி முடிஞ்சது.

---

ரிச்சி_பொட்டி:

ஆமா பாஸ், அதேதான். எங்க பையன் ஒருத்தன் ஏதோ டீபக் பண்ணும்போது 9 பொட்டியில ஜேக்யூ போட்டு வெச்சிருக்கான், லாக்ல தேதியோட நிக்குது. என் லேப்டாப்லயும் இருந்திருக்கு. ஆக 20 தடவை டெஸ்ட் பண்ணேன்னு நான் பீத்தினதுக்கு மதிப்பு பூஜ்யம்.

ஆனா இன்னும் புரியல. பென்டிரைவ்ல ஜேக்யூ டெப்பும், அதுக்கு வேணுங்கிற ரெண்டு லைப்ரரியும் கூடவே இருந்துச்சே? ஒரே கமாண்ட்லதானே எல்லாத்தையும் குடுத்தேன்?

---

திருவான்மியூர்_தாத்தா:

தம்பி, மாம்பலம் சொன்னது பாதி சரி. மீதிப் பாதியை நான் சொல்கிறேன். நிதானமாகப் படியுங்கள், மறுபடி பெரம்பூருக்கு அலைய வேண்டாம்.

டிபிகேஜி ஒரு பேக்கேஜை இரண்டு கட்டமாக ஏற்றுகிறது. முதலில் பிரித்துப் போடும், பிறகு அமைக்கும். ப்ரீஇன்ஸ்ட் ஓடுவது பிரிப்பதற்கும் முன்னால். போஸ்ட்இன்ஸ்ட் ஓடுவது அமைக்கும்போது. டிபென்ட்ஸ் வரி வாக்குக் கொடுப்பது இந்த இரண்டாவது கட்டத்துக்கு மட்டும்தான்: "இவை எல்லாம் அமைந்து முடியாமல் உன்னை அமைக்க மாட்டேன்." பிரிப்பதைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. நீங்கள் இலை போடும் முன்னால் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டீர்கள்.

இப்போது உங்கள் பென்டிரைவ். நட்சத்திரம் போட்டால் ஷெல் பெயர்களை அகரவரிசையில் விரித்துக் கொடுக்கும். கவுன்டர்-டோக்கன் ஆங்கிலத்தில் சி. ஜேக்யூ ஜே. அதன் லைப்ரரிகள் எல். டிபிகேஜி கொடுத்த வரிசையிலேயே பிரித்துக்கொண்டு போகும். ஆகவே உங்கள் ப்ரீஇன்ஸ்ட் ஓடிய நேரத்தில் ஜேக்யூ பென்டிரைவில்தான் இருந்தது, பொட்டியில் இல்லை. பேக்கேஜுக்கு "டோக்கன்-கவுன்டர்" என்று பெயர் வைத்திருந்தால் டி, ஜேக்குப் பின்னால் வந்து, இந்தப் பிழை இன்னும் ஒரு வருடம் ஒளிந்திருக்கும். பெயர் ராசி என்பது இதுதான் போலிருக்கிறது.

ப்ரீ-டிபென்ட்ஸ் போட்டால்? ஜேக்யூ அமைந்து முடியாதவரை உங்கள் பேக்கேஜைப் பிரிக்கவே மாட்டேன் என்று டிபிகேஜி மறுக்கும். ப்ரீஇன்ஸ்ட் ஓடாது, பாதியில் தொங்காது. அந்த அளவில் நல்லது. ஆனால் அகரவரிசை மாறாது. அதே நட்சத்திரக் கமாண்டைக் கொடுத்தால், ஜேக்யூ இல்லாத பொட்டியில் முதல் தடவை அப்போதும் ஏறாது. மரியாதையாக மறுக்கும், அவ்வளவுதான். வரிசையைத் தானே கணக்குப் போட வேண்டுமானால், டிபிகேஜிக்கு மேலே உட்கார்ந்து அதை வேலை வாங்கும் ஆப்ட் வேண்டும். ஆப்ட் இன்ஸ்டால் என்று போட்டு, ஃபைல் பெயருக்கு முன்னால் புள்ளியும் சாய்கோடும் சேர்த்துக் கொடுங்கள். நெட் இல்லாவிட்டாலும், வேண்டிய எல்லா டெப்பையும் அதே கமாண்டில் கொடுத்தால் அதுவே எதை முதலில் என்று பார்த்துக்கொள்ளும்.

டெபியனுக்குள் ஒருவர் புதிதாக ப்ரீ-டிபென்ட்ஸ் சேர்க்க நினைத்தால், முதலில் டெவலப்பர்களின் மடற்குழுவில் பேசி ஒத்த கருத்துக்கு வர வேண்டும் என்று பாலிசியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அது சும்மா சடங்கு இல்லை. ஒரு பெரிய அப்கிரேடில் நூற்றுக்கணக்கான பேக்கேஜ்களை எந்த வரிசையில் பிரிப்பது என்று ஆப்ட் தேடும்போது, ஒவ்வொரு ப்ரீ-டிபென்ட்ஸும் அதன் கையை ஒரு சுற்று கட்டுகிறது. உங்கள் பேக்கேஜ் உங்கள் கடைக்கு மட்டும்தான், யாரும் கேட்க மாட்டார்கள். ஆனாலும் கேள்வியை நீங்களே உங்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்: பிரிப்பதற்கு முன்னால் செய்தே ஆக வேண்டிய வேலை அதில் என்ன இருக்கிறது?

நான் பார்த்தவரை எதுவுமே இல்லை. பழைய ஜேசன் யூஎஸ்ஆர்-லோக்கலில் இருக்கிறது. டெப் பேக்கேஜ் அங்கே ஃபைல் எதுவும் வைக்கக் கூடாது, நீங்களும் வைக்கவில்லை என்று நம்புகிறேன். ஆகவே பிரித்த பிறகும் அந்த ஜேசன் அப்படியே இருக்கும். உருவுகிற வேலையைப் போஸ்ட்இன்ஸ்டுக்குத் தள்ளுங்கள். அங்கே டிபென்ட்ஸ் போதும். ப்ரீஇன்ஸ்ட் ஃபைலையே அழித்துவிடுங்கள். நான் எழுதியதில் மிக நல்ல ப்ரீஇன்ஸ்ட்கள் எல்லாம் அழித்தவைதான்.

செட், கிரெப் பற்றிக் கேட்டீர்கள். சில பேக்கேஜ்களுக்கு "எசென்ஷியல்" என்று முத்திரை உண்டு: கோர்யூட்டில்ஸ், செட், கிரெப், டார், ஜிசிப், ஃபைண்ட்யூட்டில்ஸ், டாஷ், டிபிகேஜி, பெர்ல்-பேஸ் போன்றவை. ஒருமுறை அமைந்துவிட்டால், பிறகு அப்கிரேட் நடுவே பிரித்துப் போட்டு அமைக்காமல் கிடந்தாலும் இவை முக்கிய வேலையைச் செய்தாக வேண்டும் என்பது விதி. அதனால் இவற்றை டிபென்ட்ஸில் எழுதத் தேவையில்லை. குறிப்பிட்ட பதிப்புக்கு மேல்தான் வேண்டும் என்றால் மட்டும் எழுதலாம். ப்ரீஇன்ஸ்ட்டில் நம்பிக் கூப்பிடக் கூடியவை இவையும், ப்ரீ-டிபென்ட்ஸில் சொன்னவையும் மட்டுமே. பெர்ல்-பேஸ் இருக்கிறதே என்று பெர்ல் மாட்யூல்களை இஷ்டத்துக்கு இழுக்காதீர்கள். அதில் இருப்பது ஒரு சின்ன மூட்டைதான்.

ஆட்யூசர் எசென்ஷியல் இல்லை. உங்கள் டிபென்ட்ஸில் அது இல்லை என்று நினைக்கிறேன். ஓடியது ஏனென்றால், டெபியன் 12-இல் ஆப்ட் தனக்காக ஆட்யூசரைக் கூட்டிக்கொண்டு வருகிறது. அடுத்த வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறீர்கள். அவர்கள் பூட்டுகிற நாளில் தெரியும். பேக்கேஜில் பிழை தேடும் லின்டியனை ஓட்டியிருந்தால் இதை மட்டுமாவது பிடித்துச் சொல்லியிருக்கும். ஜேக்யூவை அது பிடிக்காது.

கடைசியாக அந்த ஒற்றை வரிப் போஸ்ட்ஆர்எம். எனக்கு ஜேக்யூவை விட இதுதான் பயம். அதைத் தனியாக எழுதுகிறேன், மருந்து சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

---

மாம்பலம்_டெர்மினல்:

ஐயா, பாதி மார்க்காவது குடுத்தீங்களே. அகரவரிசை விஷயம் சத்தியமா தோணல.

---

திருவான்மியூர்_தாத்தா:

வந்துவிட்டேன்.

போஸ்ட்ஆர்எம் என்றால் "எடுத்த பிறகு ஓடுவது" என்று பெயரைப் பார்த்து நினைத்துவிட்டீர்கள். அது ஏழு விதமான சந்தர்ப்பங்களில் அழைக்கப்படும். எந்தச் சந்தர்ப்பம் என்பது முதல் ஆர்க்யுமென்டில் வரும். ரிமூவ், பர்ஜ் (கான்ஃபிக்கோடு சேர்த்து அழிப்பது), அப்கிரேட், அபார்ட்-இன்ஸ்டால் என்று. நீங்கள் அதைப் பார்க்காமலே டெல்யூசரைக் கூப்பிடுகிறீர்கள்.

பெரம்பூரில் நடந்தது இது. ப்ரீஇன்ஸ்ட் செத்தது. டிபிகேஜி நல்ல பிள்ளையாக, போட்டதைத் திரும்ப எடுக்க உங்கள் போஸ்ட்ஆர்எம்மை அபார்ட்-இன்ஸ்டால் என்று சொல்லி அழைத்தது. அந்த நேரத்தில் "டோக்கன்" யூசர் இன்னும் பிறக்கவே இல்லை. டெல்யூசர் "அப்படி யாரும் இல்லை" என்று பிழை கொடுத்தது. செட் மைனஸ் ஈ இருப்பதால் போஸ்ட்ஆர்எம்மும் செத்தது. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை, அதுதான் ஆஃப்-இன்ஸ்டால்ட். போஸ்ட்ஆர்எம் ஒழுங்காக இருந்திருந்தால், பேக்கேஜ் ஏறவே இல்லை என்கிற சுத்தமான நிலைக்குத் திரும்பியிருக்கும்.

சரியாக ஏறிய 9 பொட்டிகளை நினைத்து நிம்மதியாக இருக்காதீர்கள். அடுத்த பதிப்பை ஏற்றும்போது பழைய பேக்கேஜின் போஸ்ட்ஆர்எம் "அப்கிரேட்" என்று அழைக்கப்படும். அதாவது ஒவ்வொரு அப்கிரேடிலும் யூசர் அழிந்து, போஸ்ட்இன்ஸ்டில் மறுபிறவி எடுப்பார். பெரும்பாலும் அதே யூஐடி (யூசரின் எண்) கிடைக்கும். கிடைக்காத நாளில் வார்-லிப்பில் இருக்கும் டோக்கன் கணக்கு வேறு எண்ணின் சொத்தாக இருக்கும், சர்வீஸ் எழுத முடியாமல் நிற்கும்.

டிபென்ட்ஸ் விஷயமும் இங்கே வேறு. போஸ்ட்ஆர்எம் ஓடும்போது டிபென்ட்ஸில் எழுதியது இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. எழுதினால் இருக்க வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். பர்ஜ் என்பது ரிமூவ் நடந்து ஆறு மாதம் கழித்துக் கூட நடக்கலாம். அதற்குள் ஆட்யூசர் வீட்டைக் காலி செய்திருக்கலாம். ஆகவே கமாண்ட் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் செய், இல்லையென்றால் சத்தமில்லாமல் நகர்ந்து போ என்று எழுத வேண்டும்.

யூசரை அழிக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. டெபியனில் சிஸ்டம் யூசர்களுக்கு 100 முதல் 999 வரை எண்கள். நீங்கள் விட்டுப்போன எண்ணை அடுத்து வருகிற பேக்கேஜ் எடுத்துக்கொள்ளும். உங்கள் யூசர் எங்கோ விட்டுவிட்டுப் போன ஃபைல்கள் அதற்குச் சொந்தமாகிவிடும். பூட்டி வைத்துவிட்டுப் போங்கள். ஒரு வரி ஈடிசி-பாஸ்வேர்டில் கிடந்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

இன்னொன்று. போஸ்ட்இன்ஸ்ட் எழுதுகிற அந்த கான்ஃபிக் ஃபைல் டெப்புக்குள்ளேயே இருந்தால் அது கான்ஃப்ஃபைல் (யூசர் திருத்தினாரா என்று டிபிகேஜி கவனிக்கும் ஃபைல்) ஆகிவிடும். கான்ஃப்ஃபைலை ஸ்கிரிப்ட் திருத்தக் கூடாது. திருத்தினால், புதுப் பதிப்பில் அந்த ஃபைலும் மாறியிருக்கிற அப்கிரேடில் "நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், எதை வைத்துக்கொள்ள?" என்று டிபிகேஜி கேட்டுக்கொண்டு நிற்கும். மாதிரியை யூஎஸ்ஆர்-ஷேரில் வைத்து, ஈடிசி-யில் இருப்பதைப் போஸ்ட்இன்ஸ்டே உருவாக்கட்டும்.

சிஸ்டம்சிடிஎல்லை நேராகக் கூப்பிடவும் வேண்டாம். சர்வீஸ் ஃபைலை, பேக்கேஜ் கட்ட உதவும் டெப்ஹெல்ப்பரிடம் விட்டால், அதற்கான துண்டுகளை அதுவே ஸ்கிரிப்டுக்குள் சேர்க்கும். அந்தத் துண்டுகள் கூப்பிடும் கருவிகள் இனிட்-சிஸ்டம்-ஹெல்ப்பர்ஸ் பேக்கேஜில் இருக்கின்றன. அது எசென்ஷியல்.

---

சோழிங்கநல்லூர்_நைட்ஷிஃப்ட்:

நான் ஆர்பிஎம் (ரெட் ஹேட், ஃபெடோரா லினக்ஸோட பேக்கேஜ் முறை) பக்கம். ஓஎம்ஆர்ல ராத்திரி வேலை, பில்ட் ஓடி முடியற வரைக்கும் இதையெல்லாம் படிச்சுக்கிட்டிருப்பேன். தாத்தா சார் சொன்னதுக்கு ஒரு ஒப்பீடு சேர்க்கறேன்.

டெபியன்ல எல்லா ஸ்கிரிப்டுக்கும் ஒரே டிபென்ட்ஸ் வரி. ஆர்பிஎம்ல எந்த ஸ்கிரிப்டுக்கு எது வேணும்னு பிரிச்சே சொல்லலாம். ரிக்வயர்ஸ்க்கு பக்கத்துல அடைப்புக்குறியில ப்ரீ, போஸ்ட், ப்ரீஅன், போஸ்ட்அன்னு போடலாம். யூசர் உண்டாக்கறது எங்க ஊர்ல ப்ரீ ஸ்கிரிப்ட்லதான் வழக்கம், ஏன்னா ஃபைல்களை விரிக்கும்போதே ஓனர் பேர் தேவைப்படும். அதனால ரிக்வயர்ஸ்-ப்ரீ ஷேடோ-யூட்டில்ஸ்னு (யூசர் உண்டாக்கற கமாண்ட் இருக்கற பேக்கேஜ்) எழுதுவோம். ஸ்கிரிப்டை எந்த ஷெல் ஓட்டுமோ அதை மட்டும் ஆர்பிஎம்மே கண்டுபிடிச்சு சேர்த்துக்கும். உள்ள கூப்பிடற கமாண்ட் எல்லாம் நம்ம பொறுப்பு.

இந்தப் பிரிவினைக்கு ரெண்டு விளைவு உண்டு. பேக்கேஜ்கள் வட்டமா ஒண்ணையொண்ணு கேட்டா, ஆர்பிஎம் சாதாரண ரிக்வயர்ஸ் இருக்கற இடத்துல வெட்டப் பார்க்கும், ஸ்கிரிப்டுக்குன்னு சொன்னதைக் காப்பாத்தும். ரெண்டாவது, ரிக்வயர்ஸ்-ப்ரீ மட்டும் எழுதினா, இன்ஸ்டால் முடிஞ்சதும் அந்தப் பேக்கேஜை எடுத்துடலாம்னு அர்த்தம். ஓடும்போதும் வேணும்னா தனியா ஒரு சாதாரண ரிக்வயர்ஸும் எழுதணும். நான் சேர்ந்த புதுசுல இது தெரியாம "ஏற்கெனவே எழுதியிருக்கே"ன்னு சாதாரண வரியை அழிச்சேன். ரிவ்யூல நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

அண்ணா, உங்க டெல்யூசர் கதை எங்க பக்கம் இன்னும் கொடூரம். ஆர்பிஎம் அப்கிரேட்ல புது பேக்கேஜோட ப்ரீ, போஸ்ட் எல்லாம் முடிஞ்ச அப்புறம்தான் பழையதோட போஸ்ட்அன் ஓடும். அதுல ஆர்க்யுமென்ட் பூஜ்யமான்னு பார்க்காம யூசரை அழிச்சா, புதுசா ஏத்தின பேக்கேஜுக்கு யூசரே இருக்காது. ராத்திரி 2 மணிக்கு 30 சர்வர்ல இதை நான் நேர்ல பார்த்திருக்கேன். ஸ்கிரிப்ட் எழுதினவர் காலையில 10 மணிக்கு காபியோட வந்தாரு.

2023ல வந்த ஆர்பிஎம் 4.19ல இருந்து எந்த யூசர் வேணும்னு சொல்ற சிஸ்-யூசர்ஸ் ஃபைல் ஒண்ணு வெச்சா போதும், யூசரை ஆர்பிஎம்மே உண்டாக்கிடும். ஸ்கிரிப்டும் வேணாம், அதுக்கு டிபென்டென்ஸியும் வேணாம்.

---

மாம்பலம்_டெர்மினல்:

டெபியன்லயும் சிஸ்-யூசர்ஸ்க்கு டெப்ஹெல்ப்பர் உதவி இருக்கு, ஃபைல் வெச்சா போஸ்ட்இன்ஸ்ட் துண்டை அதுவே எழுதிடும். டிபென்ட்ஸ் வரியில "மிஸ்க் டிபென்ட்ஸ்" மாறியை விட்டுடாதீங்க. டெப்ஹெல்ப்பர் எழுதற துண்டுகளுக்கு வேண்டியதை அது வழியாதான் சேர்க்கும்.

ஒரு சந்தேகம்: டெபியன்ல வட்டம் வந்தா எங்க வெட்டும்?

---

திருவான்மியூர்_தாத்தா:

வட்டத்தில் போஸ்ட்இன்ஸ்ட் இல்லாத பேக்கேஜ் ஒன்று இருந்தால் அங்கே வெட்டும். அப்போது ஸ்கிரிப்ட் உள்ளவர்களுக்கு வாக்கு காப்பாற்றப்படும். எல்லோரிடமும் போஸ்ட்இன்ஸ்ட் இருந்தால் எங்கே வெட்டும் என்று சொல்ல முடியாது. தேவையில்லாத போஸ்ட்இன்ஸ்ட் வைக்காதே என்று நான் பல வருடமாகப் புலம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நைட்ஷிஃப்ட் அம்மா அழகாக எழுதினார். நன்றி.

ரிச்சி தம்பி, கேட்க மறந்தேன். உங்கள் டோக்கன் நிரலே எந்த மொழியில் எழுதியது?

---

ரிச்சி_பொட்டி:

பைதான் ஐயா. டிபென்ட்ஸ்ல பைதான்3 முதல் ஆளா நிக்குது.

---

திருவான்மியூர்_தாத்தா:

பைதானுக்கு ஜேசன் படிக்கத் தெரியும். அப்புறம் ஜேக்யூ எதற்கு?

---

ரிச்சி_பொட்டி:

இந்தக் கேள்வியைப் படிச்சுட்டு பத்து நிமிஷம் எதுவும் டைப் பண்ணல. கடைக்கு வெளிய போய் ஒரு டீ குடிச்சுட்டு வந்தேன். இந்த வருஷத்துல நான் வாங்கினதுலயே பெரிய பல்பு இது. ஷெல் ஸ்கிரிப்ட்னா ஜேக்யூன்னு கை தானா அடிச்சிருக்கு.

---

ரிச்சி_பொட்டி:

பத்து நாள் கழிச்சு வந்து எழுதறேன், பின்னாடி யாராவது தேடி வந்தா உதவும்.

ப்ரீஇன்ஸ்ட் இப்ப இல்லை. பழைய ஜேசனை படிக்கறது 15 வரி பைதான், போஸ்ட்இன்ஸ்ட் அதைக் கூப்பிடுது. ஜேக்யூவும் அதோட ரெண்டு லைப்ரரியும் பென்டிரைவ்ல இருந்து கிளம்பியாச்சு, மூணு டெப் குறைஞ்சுது. யூசருக்கு ஆட்யூசரையே வெச்சுக்கிட்டேன், ஆனா டிபென்ட்ஸ்ல எழுதிட்டேன். சிஸ்டம் யூசர் ஏற்கெனவே இருந்தா அது சண்டை போடாம போயிடுது, அது வசதியா இருக்கு. போஸ்ட்ஆர்எம்ல பர்ஜ் வந்தா மட்டும் நம்ம கான்ஃபிக்கை அழிக்கும். யூசர் மேல கையே வைக்கல.

இந்தத் தடவை என் லேப்டாப்பை நம்பல. பியூபார்ட்ஸ்னு ஒண்ணு இருக்கு, காலியான டெபியனை ஒரு ஃபோல்டருக்குள்ள கட்டி, நம்ம பேக்கேஜை ஏத்தி, எடுத்து, பர்ஜ் பண்ணி, என்ன மிச்சம் கிடக்குன்னு சொல்லும். முதல் ஓட்டத்துலயே ரெண்டு பிடிச்சுது. நான் எழுதின சிஸ்டம்சிடிஎல் வரி அந்தக் காலி டெபியன்ல செத்துச்சு (தாத்தா சொல்லியும் முதல்ல மாத்தல, ஒத்துக்கறேன்). பர்ஜ் ஆனப்புறம் வார்-லாக்ல என் ஃபோல்டர் அனாதையா கிடந்துச்சு. ரெண்டையும் சரி பண்ணேன்.

நல்லா ஏறின 9 பொட்டிக்கு ஒரு தனி வேலை பண்ண வேண்டியிருந்தது. அதுங்ககிட்ட இருக்கறது பழைய போஸ்ட்ஆர்எம். நான் எவ்வளவு ஒழுங்கான புது பேக்கேஜ் கொண்டு போனாலும், அப்கிரேட் நடுவுல அந்தப் பழைய ஒற்றை வரி ஒருதடவை ஓடித்தானே ஆகும்? அதனால போஸ்ட்இன்ஸ்ட்ல யூசரை உண்டாக்கினதுக்கு அப்புறம், வார்-லிப்ல இருக்கற நம்ம ஃபோல்டருக்கு ஓனரை மறுபடி எழுதற ஒரு வரி சேர்த்தேன். 9ல 8 பொட்டியில பழைய யூஐடியே வந்துச்சு. ரெண்டாவது மாடி ஸ்கேன் அறையில மட்டும் எண் மாறியிருந்தது, அந்த வரி இல்லன்னா அங்க மாட்டியிருப்பேன்.

தொங்கிக்கிட்டிருந்த 5 பொட்டியில புது டெப்பை அப்படியே மேல ஏத்தினேன், ஆஃப்-இன்ஸ்டால்ட் போயிடுச்சு. எதையும் வலுக்கட்டாயமா பிடுங்க வேண்டி வரல.

மொத்தம் 14ம் ஞாயிறு மதியம் ஒரு மணிக்குள்ள முடிஞ்சுது. கிளம்பறதுக்கு முன்னாடி தரைத்தளம் அறை 3-ல பச்சை பட்டனை அழுத்தினேன். சனிக்கிழமை கடைசி டோக்கன் 112. சீட்டு 113ன்னு வந்துச்சு. வாட்ச்மேன் அண்ணன் வாங்கிப் பார்த்துட்டு, "டாக்டர் நாளைக்குத்தான் வருவாரு தம்பி"ன்னாரு.